சாவுக்கும் வாரிசுக்கும் நடுவே: இடைக்கால இங்கிலாந்தில் மேனர் நிலங்களும் அரசரும்

1293 நவம்பர். கான்டர்பரியிலிருந்து லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சீமாட்டிக்கு வழியில் உடம்புக்கு முடியாமல் போனது. லண்டனுக்குச் சற்றுத் தெற்கே, ஸ்டாக்வெல் என்ற இடத்தில் அவரைப் படுக்க வைத்தார்கள். பெயர் இசபெல்லா டி ஃபோர்ஸ். டெவன் பிரபு வம்சத்தின் சொத்து முழுவதும் அவர் கையில் இருந்தது. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவே அவருடையது. வயது 56. பெற்ற பிள்ளைகள் ஆறு பேரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அரசர் முதலாம் எட்வர்டின் ஆட்கள் அந்தப் படுக்கையருகே வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் வால்டர் லாங்டன், எட்வர்டுக்கு மிக நெருக்கமான அதிகாரி. ஒரு சாசனத்தை எழுதி, அதைச் சீமாட்டிக்கு வாசித்துக் காட்டினார்கள். முத்திரையை வைக்கச் சொல்லித் தன் பணிப்பெண்ணிடம் சீமாட்டி சொன்னார். அன்றிரவு விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

வைட் தீவு, அப்போது ஹாம்ப்ஷயரில் இருந்த கிறைஸ்ட்சர்ச் மேனர் (மேனர் என்றால் ஏறக்குறைய ஒரு பிரபுவின் பண்ணை), தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ஃபாக்ஸ்ஹால் மேனர், இவை எல்லாம் சேர்த்து 6,000 மார்க்குக்கு அரசருக்கு விற்றதாக அந்தச் சாசனம் சொன்னது. ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 4,000 பவுண்டு. சட்டப்படி இந்தச் சொத்து போயிருக்க வேண்டியது ஹியூ டி கோர்ட்டனே என்ற தூரத்து உறவுக்காரப் பையனுக்கு. அவருக்கு அப்போது 17 வயது. இன்னும் மைனர்.

சீமாட்டி மனமுவந்து விற்றாரா, சாகும் தறுவாயில் வற்புறுத்தினார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஒரு பெரிய நிலக்காரர் கண்ணை மூடும் நேரத்தில் அரசரின் ஆட்கள் அந்த வீட்டில் இருப்பதை அந்தக் காலத்தில் யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் அரசர் நிலத்தின் மீது வைத்திருந்த பிடி எதில் இருந்தது என்று கேட்டால், படையையும் கோட்டையையும் காட்டிலும் இதைத்தான் நான் சொல்வேன். ஒருவர் செத்ததற்கும் அவருடைய வாரிசு நிலத்தில் கால் வைப்பதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி அரசருடையது.

இதற்கு வேர் 1066-ல் இருக்கிறது. நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நாட்டிலுள்ள நிலம் எல்லாம் கடைசியில் அரசரிடமிருந்து வந்ததே என்ற கொள்கை நிலைபெற்றது. மற்றவர்கள் அதை 'வைத்திருந்தார்கள்', அவ்வளவுதான். அரசரிடம் நேரடியாகப் பெற்றவர்கள் தலைமைப் பிரபுக்கள். அவர்களுக்குக் கீழே அவர்களிடம் பெற்றவர்கள், அதற்கும் கீழே இன்னும் சிலர். நிலத்துக்கு ஈடாக ஒவ்வொருவரும் ஏதாவது செய்ய வேண்டும்: போருக்குக் குதிரைவீரர்களை அனுப்பலாம், பணம் கட்டலாம், மடமாக இருந்தால் பிரார்த்தனை செய்யலாம். கென்ட் சீமையில் ஒரு குடும்பத்துக்கு விதித்திருந்த சேவை, அரசர் கடலைக் கடக்கும்போது குமட்டல் வந்தால் அவர் தலையைப் பிடித்துக்கொள்வது. இது பதிவேட்டில் இருக்கும் செய்தி.

1085 கிறிஸ்துமஸில் வில்லியம் ஆணையிட, 1086-ல் டூம்ஸ்டே கணக்கெடுப்பு நடந்தது. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஓர் எருது, ஒரு பசு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை என்று அக்காலத்துச் சரித்திரக் குறிப்பு ஒன்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறது. யார் கையில் எது இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பது இனி அரசருக்குத் தெரியும். யாராவது செத்தால் எதைக் கேட்பது என்பதும் தெரியும்.

மேனர் என்பதை நம் பழக்கத்தில் பண்ணை என்று சொல்லலாம், ஆனால் முழுக்கப் பொருந்தாது. பிரபுவின் சொந்தச் சாகுபடி நிலம், அதில் கட்டாய வேலை செய்ய வேண்டிய குடியானவர்களின் துண்டு நிலங்கள், மேய்ச்சல், ஆலை, அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு நீதிமன்றம், இத்தனையும் சேர்ந்தது ஒரு மேனர். ஒரு குடியானவர் செத்தால் அங்கே நடப்பதைப் பார்த்தாலே மேல்மட்டத்தில் நடப்பதும் புரிந்துவிடும். முதலில் பிரபுவின் ஆள் கொட்டிலுக்கு வந்து, இருப்பதில் நல்ல மாட்டைத் தேர்ந்து ஓட்டிக்கொண்டு போவார். அதற்கு ஹெரியட் என்று பெயர். நிலம் பிரபுவின் கைக்குத் திரும்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் மகன் மேனர் நீதிமன்றத்துக்கு வந்து நுழைவுப் பணம் கட்டுவார். பிரபுவின் காரியஸ்தர் ஒரு கோலை அவர் கையில் கொடுப்பார். கோல் கை மாறினால் நிலமும் கை மாறியது. எழவு விழுந்த வீட்டில் உழவு மாடும் போய், கையில் இருந்த காசும் போன பிறகுதான் அப்பா உழுத நிலத்தில் மகன் உழ முடியும்.

குடியானவருக்குப் பிரபு செய்ததைத்தான் பிரபுவுக்கு அரசர் செய்தார். மாட்டுக்குப் பதில் இங்கே மேனர்கள், கோட்டைகள், குழந்தைகள்.

தலைமைப் பிரபு ஒருவர் இறந்த செய்தி வந்ததும் அரசரின் செயலகத்திலிருந்து ஓர் ஆணை கிளம்பும். 'இன்னார் தம் கடைசி நாளை முடித்துக்கொண்டார்' என்ற பொருள்படும் லத்தீன் தொடரே அந்த ஆணைக்குப் பெயராகிவிட்டது. அது போய்ச் சேருவது எஸ்சீட்டர் என்ற அதிகாரியிடம். அவர் நிலத்தை அரசர் பெயரில் கைப்பற்றி, உள்ளூர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார். செத்தவர் எந்தெந்த நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, என்ன சேவைக்கு, ஆண்டுக்கு என்ன பெறும், எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வயது என்ன? 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய இந்த விசாரணைப் பதிவுகள் 17-ஆம் நூற்றாண்டில் முதலாம் சார்லஸ் மன்னர் காலம் வரைக்கும் தொடர்ந்தன. உழுநிலம் எத்தனை ஏக்கர், புல்வெளி எத்தனை ஏக்கர், ஆலை ஓடுகிறதா, புறாக்கூண்டு இடிந்துவிட்டதா என்றுகூட எழுதியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் மதிப்பைப் பெரும்பாலும் குறைத்தே சொன்னார்கள். அரசர் கேட்கும் தொகை அதைப் பொறுத்தது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

இந்த அதிகாரிகள் மீது மக்களுக்கு இருந்த வெறுப்பு மொழியிலும் படிந்துவிட்டது. வாரிசு இல்லாமல் நிலம் மேலே திரும்புவதற்கு எஸ்சீட் என்று பெயர். ஏமாற்றுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான சீட், அதிலிருந்து பிறந்தது. நாம் பேச்சில் 'சீட்டிங் பண்ணிட்டான்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் மூலம் இங்கே இருக்கிறது.

வாரிசு வயது வந்த ஆணாக இருந்தால் ரிலீஃப் என்ற தொகையைக் கட்டி, அரசர் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்லி நிலத்தைப் பெற வேண்டும். சாதாரணப் பிரபுவுக்கும் அரசருக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே வருகிறது. 1176-லேயே இரண்டாம் ஹென்றி, அப்பா வைத்திருந்த நிலத்தை மகனுக்குத் தராமல் பிரபு இழுத்தடித்தால் மகன் அரசரின் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழி செய்துவிட்டார். மற்ற பிரபுக்கள் எல்லோரையும் அந்தச் சட்டம் கட்டியது. அரசரைக் கட்டவில்லை. அரசர் மீது அவருடைய நீதிமன்றத்திலேயே வழக்குப் போட முடியாது, மனுதான் போடலாம். வாரிசுரிமையைக் காப்பாற்றிய அதே அரசாட்சி, தனக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டது.

அந்தக் கதவின் வழியே மிக ஆழமாகப் போனவர் இரண்டாம் ஹென்றியின் மகன், அரசர் ஜான். ரிலீஃப் தொகைக்கு அவர் ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளவில்லை. நிக்கலஸ் டி ஸ்டூட்வில் என்பவரிடம் 1205-ல் கேட்ட தொகை 10,000 மார்க். கட்டி முடிக்க முடியாது என்று தெரிந்தே கேட்டதுதான். கடன் நிலுவையில் இருக்கும்வரை அந்தப் பிரபு வாயைத் திறக்க மாட்டார். ஆமால் சீமாட்டி ஹவிஸ் தன் கணவர் இறந்த பிறகு தன் சொத்தை அனுபவிக்கவும், இன்னொருவரைக் கட்டிக்கொள்ளாமல் இருக்கவும் 1212-ல் 5,000 மார்க் தர ஒப்புக்கொண்டார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண் கொடுத்த விலை அது.

கலகம் செய்த பிரபுக்கள் 1215-ல் ஜானிடமிருந்து பெற்ற மேக்னா கார்ட்டாவைப் பொதுவாகச் சுதந்திரத்தின் சாசனம் என்று படிக்கிறோம். அதன் தொடக்கப் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால், சாவு வீட்டுப் பிரச்சினைகளே வரிசையாக வருகின்றன. பிரபுக்களின் ரிலீஃப் 100 பவுண்டு, ஒரு வீரரின் முழு நிலத்துக்கு அதிகபட்சம் 100 ஷில்லிங். மைனர் வாரிசின் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் அதைப் பாழாக்கக் கூடாது. வாரிசுகளைத் தகுதி குறைந்த இடத்தில் கட்டிக்கொடுக்கக் கூடாது. விதவை கணவர் வீட்டில் 40 நாள் தங்கலாம். சீதனம் அவருக்கு உடனே கிடைக்க வேண்டும். விருப்பமில்லாமல் அவரை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தப் பிரபுக்களை வாளைத் தூக்க வைத்தது எது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் சாசனத்தில் முத்திரை விழுந்த அடுத்த ஆண்டே, 1216-ல், டெவன் வம்சத்து இளவல் பால்ட்வின் டி ரெட்வர்ஸ் இறந்தபோது, அவருடைய விதவை மார்கரெட்டை ஜான் தன் கூலிப்படைத் தலைவன் ஃபாக்ஸ் டி பிரோத்தேவுக்குக் கொடுத்தார். செய்த வேலைக்குப் பரிசு. எட்டு ஆண்டு கழித்து, ஜானுக்குப் பின் வந்த அரசரின் கோபத்துக்கு ஆளாகி ஃபாக்ஸ் வீழ்ந்ததும், தான் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே இல்லை, போர்க் காலத்தில் பிடித்துக்கொண்டு போய்க் கட்டிவைத்தார்கள் என்று மார்கரெட் முறையிட்டார். தேம்ஸ் கரையில் ஃபாக்ஸ் கட்டிய மாளிகை ஃபாக்ஸ்ஹால் என்று அவன் பெயரிலேயே நின்றுவிட்டது. இன்று லண்டனில் வாக்ஸ்ஹால் என்று இறங்குகிறோமே, அதே இடம். மார்கரெட்டின் பேத்திதான் இசபெல்லா. ஸ்டாக்வெல்லில் எழுதிய விலைச்சாசனத்தில் இருந்த ஃபாக்ஸ்ஹாலும் அதுதான்.

மைனர் வாரிசின் கதை இன்னும் கொடுமை. ஆணுக்கு 21 வயது ஆகும்வரை நிலமும் அதன் வருமானமும் அரசருக்கு. பிள்ளையை வளர்க்கும் உரிமையும் யாருக்குக் கட்டிவைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்கே. பெற்ற தாய் பக்கத்திலேயே இருந்தாலும் பிள்ளை அவருக்குச் சொந்தமில்லை. வேண்டுமானால் அரசரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இந்த உரிமைகளை அரசர் விற்பார், பரிசாகக் கொடுப்பார், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். 1185-ல் இரண்டாம் ஹென்றி 12 சீமைகளில் தன் கைவசம் உள்ள விதவைகளையும் பிள்ளைகளையும் கணக்கெடுத்த சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. விதவையின் வயது, பிள்ளைகள் எத்தனை, நிலம் எவ்வளவு பெறும், இன்னும் கொஞ்சம் ஆடு மாடு விட்டால் எவ்வளவு பெறும் என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கிறார்கள். டூம்ஸ்டேயில் பசுவையும் பன்றியையும் எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே மனிதர்களை எண்ணினார்கள்.

இன்னொன்று. ஒருவர் பத்துப் பிரபுக்களிடமிருந்து பத்து மேனர் வைத்திருக்கலாம்; அதில் ஒரே ஒரு சிறு துண்டை மட்டும் வீரசேவைக்கு அரசரிடம் நேரடியாகப் பெற்றிருந்தாலும் போதும், அவர் மைனர் வாரிசை விட்டுச் செத்தால் பத்து மேனரும் அவற்றின் வருமானமும் அதுவரை அரசருக்கே. மற்ற ஒன்பது பிரபுக்களும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எஸ்சீட்டர்கள் அந்த ஒரு துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஏன் அவ்வளவு அக்கறை காட்டினார்கள் என்பது இப்போது புரியும்.

வாரிசுக்கு 21 நிறைந்ததை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் 12 பேர் வந்து நினைவிலிருந்து சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று நான் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன் என்பார் ஒருவர். அதே வாரம் என் மகளுக்குக் கல்யாணம், என் வீடு எரிந்தது, அப்பாவை அடக்கம் செய்தேன் என்று மற்றவர்கள். ஒரே சாட்சியம் ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப வருவதால் சிலதைக் குமாஸ்தாக்களே நிரப்பியிருப்பார்கள் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. ஆனாலும் தன் சொத்தைத் திரும்பப் பெற ஓர் இளைஞர் ஊராரின் ஒடிந்த கால்களையும் எரிந்த கூரைகளையும் நம்பி நின்றார் என்பது என்னை விடாமல் தொடர்கிற காட்சி.

பெண்கள் விஷயத்தில் விதி வேறு. மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. பெரிய பெரிய எஸ்டேட்டுகள் உடைந்தது இந்த இடத்தில்தான். 1314-ல் ஸ்காட்லாந்தில் நடந்த பானக்பர்ன் போரில் கிளேர் குடும்பத்தின் கில்பர்ட் 23 வயதில் குழந்தையின்றி விழுந்தார். நாட்டின் மிகப் பெரிய சொத்துகளில் ஒன்று அது. எலினார், மார்கரெட், எலிசபெத் என்று மூன்று சகோதரிகள். ஆனால் விதவை மாட் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். குழந்தை பிறந்தால் சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை. பத்து மாதம் தாண்டியது, ஓராண்டு தாண்டியது. அதற்குப் பிறகும் அரசர் தரப்பு கர்ப்பக் கதையை விடவில்லை. பங்கீடு ஆகாதவரை அத்தனை நிலமும் இரண்டாம் எட்வர்டின் கையில். பொறுமை இழந்த எலினாரின் கணவர் ஹியூ டிஸ்பென்சர் 1315-ல் டன்பிரிட்ஜ் கோட்டையையே பிடித்துப் பார்த்தார். ஒருவழியாக 1317-ல் மூன்று பங்காகப் பிரிந்தது. அதற்குள் மற்ற இரு சகோதரிகளையும் அரசர் தனக்கு வேண்டியவர்களுக்குக் கட்டிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு டிஸ்பென்சர் மைத்துனிகளின் பங்கிலும் கைவைக்க, 1321-ல் வேல்ஸ் எல்லையில் போரே மூண்டது.

அவருடைய அப்பா முதலாம் எட்வர்டோ இவ்வளவு குழப்பத்துக்கு இடம் கொடுக்காதவர். சாவு வரும்வரை காத்திருக்காமல், முன்னாலேயே சாசனத்தை மாற்றி எழுத வைத்தார். 1290-ல் தன் மகள் ஜோனைக் கில்பர்டின் அப்பாவுக்குக் கொடுக்கும்போது, மாப்பிள்ளை தன் நிலம் முழுவதையும் அரசரிடம் ஒப்படைத்து, தம்பதிக்கும் அவர்களுக்குப் பிறக்கும் வாரிசுக்கும் என்று திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் மனைவிக்குப் பிறந்த மகள்கள் வெளியே. 1302-ல் கடனில் இருந்த நார்ஃபோக் பிரபு ரோஜர் பிகாடும் இதே மாதிரி ஒப்படைத்து, தன் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று திரும்பப் பெற்றார். 1306-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார். உயிரோடு இருந்த தம்பி ஜானுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அரசருக்கு.

இதே எட்வர்டு இசபெல்லாவின் மீதும் நெடுநாள் கண் வைத்திருந்தார். இருபத்துச் சொச்சம் வயதில் விதவையான இசபெல்லாவைக் கட்டிக்கொள்ளும் உரிமையை, அரசருக்கு எதிராகக் கலகம் செய்த பிரபு ஒருவரின் மகனான இளைய சைமன் டி மான்ட்ஃபோர்ட் விலைக்கு வாங்கி, ஆட்களோடு துரத்தினார். மடத்தில் ஒளிந்து, வேல்ஸுக்கு ஓடித் தப்பினார் இசபெல்லா. கடைசிவரை மறுமணம் செய்யவில்லை. பாட்டிக்கு நடந்ததை அவர் மறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருடைய மகள் ஏவலினை 1269-ல் எட்வர்டின் தம்பி எட்மண்ட் மணந்தார். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்திருந்தால் வைட் தீவு அரச குடும்பத்துக்குத் தானாக வந்திருக்கும். 1274-ல் ஏவலின் பிள்ளையின்றி இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இப்போதும் அவர் கல்லறை இருக்கிறது. அதற்குப் பின் எஞ்சியது விலைக்கு வாங்கும் வழி மட்டும்.

நிலக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே நிலத்தை நம்பகமான நாலைந்து நண்பர்கள் பெயருக்கு எழுதிவைத்து, அனுபவம் மட்டும் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் என்று ஏற்பாடு செய்யும் பழக்கம் 14-ஆம் நூற்றாண்டில் பரவியது. நண்பர்கள் கூட்டாக வைத்திருப்பதால் யார் செத்தாலும் 'வாரிசு' என்ற கேள்வியே எழாது. ரிலீஃப் இல்லை, மைனர் இல்லை, எஸ்சீட்டருக்கு வேலை இல்லை. இன்று நாம் டிரஸ்ட் என்று சொல்லும் ஏற்பாட்டின் வேர் அதில் இருக்கிறது. வருமானம் போவதைப் பொறுக்காத எட்டாம் ஹென்றி 1536-ல் சட்டம் போட்டு அதை அடைக்கப் பார்த்தார். வடக்கில் அதே ஆண்டு கிளம்பிய கலகக்காரர்களின் குறைப்பட்டியலில் இதுவும் இருந்தது. 1540-ல் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார்: வீரசேவை நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை உயில் எழுதலாம், மீதி ஒரு பங்கில் அரசரின் பழைய உரிமை நிற்கும். அதே ஆண்டில் மைனர் வாரிசுகளைக் கவனிக்கத் தனியாக ஒரு நீதிமன்றமும் வந்தது. அதன் பெயர் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்.

தமிழ்நாட்டில் ஜமீன் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1804-ல் சென்னை மாகாணத்தில் கம்பெனி அரசு இதே பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மைனர் ஜமீன்தார்களின் எஸ்டேட்டுகளை நிர்வகித்தது. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்தபோது சமஸ்தானம் இந்த நிர்வாகத்தில்தான் இருந்தது. 1889-ல் அவர் கைக்கு வந்தது. சட்டத்தின் உள்ளடக்கம் வேறு, பெயர் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கேயோ அது அதற்குள் எப்போதோ செத்துப்போயிருந்தது. உள்நாட்டுப் போரின்போது 1646-ல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. 1660-ல் அரசாட்சி திரும்பியபோதும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அரசருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டப் பீர் மீதும் சைடர் மீதும் வரி போட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்களின் பாரம் சாராயக்கடையில் குவளை பிடித்தவர்களின் தலைக்கு மாறியது. குடியானவரின் நுழைவுப் பணமும் கோலும் இன்னும் நெடுங்காலம் நீடித்தன. அந்த வகை நிலவுரிமை முழுவதுமாக மறைந்தது 1926-ல்.

ஹியூ டி கோர்ட்டனே வயது வந்ததும் டெவன் நிலங்களைப் பெற்றார். வைட் தீவைக் கேட்டு மனுப் போட்டார். இரண்டாம் எட்வர்டு காலத்தில் விசாரணை நடந்தது. ஸ்டாக்வெல் அறையில் யார் யார் இருந்தார்கள், சாசனத்தை வாசித்தது யார், முத்திரை வைத்தது யார் என்றெல்லாம் நமக்குத் தெரியவந்தது அந்த விசாரணையால்தான். விற்பனை செல்லும் என்றே முடிவானது. டெவன் பிரபு பட்டம் அவருக்கு 1335-ல் வந்தபோது வயது 58. தீவு வரவில்லை.